போறணைச் சூட்டில் சளி உருகும் என்றார்கள்

பாண் போடுகிற தொழிலில் மா, உப்பு, ஈஸ்ட், விறகு எல்லாவற்றையும் வெளியில் வாங்கிக்கொள்ளலாம். மூச்சை மட்டும் நாமே கொண்டுபோக வேண்டும்.

மரியான் பாஸை நான் கடைசியாக உயிரோடு கண்டது ஒரு மத்தியானம். கற்பிட்டி வீதியில் நான் வேலை செய்த பேக்கரியில் அவர்தான் மூத்த கைவேலைக்காரர். அப்படிப்பட்டவரைத்தான் நாங்கள் பாஸ் என்போம். மாச் சாக்கின் மேல் இருந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு எடுத்துக்கொண்டிருந்தார். உதடு சாம்பல் நிறமாக இருந்தது. முதுகைத் தடவப் போன என் கையைத் தட்டிவிட்டு, பாண் வேகிற அடுப்பான போறணைப் பக்கம் கண்ணைக் காட்டினார். பாணைப் போய் எடு, கருகப் போகிறது என்று அர்த்தம். நான் போய் எடுத்தேன். ஒன்றும் கருகவில்லை. கடைசித் தட்டை இறக்கிவிட்டுத் திரும்பியபோது சாக்கு மட்டும்தான் இருந்தது. ஆட்டோவில் ஏற்றிப் புத்தளத்துக்குக் கொண்டு போய்விட்டார்கள். ஆசுபத்திரி வாசலைக் காணவில்லை, மனுசன்.

அவருக்கு இருந்த மூச்சு வருத்தம் எனக்கும் சின்ன வயதிலிருந்தே இருந்தது. அதற்குச் சரியான பேர் இரண்டு பேருக்கும் தெரியாது. தலையணையை நிமிர்த்தி வைத்து, சுவரில் சாய்ந்தபடி விடியும்வரை இருந்த ஆட்கள் இதை வாசிப்பவர்களில் இருப்பீர்கள். அன்று பின்னேரம் ஆட்டோக்காரப் பொடியன் வந்து சொன்னதன் பொருளை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை: "படுக்க வைக்கப் பாத்தம் அண்ணே, படுக்க மாட்டன் எண்டுட்டார். இருந்தபடியேதான் போனார்."

கயிறு

நான் பிறந்தது உடப்புப் பக்கத்துக் கடற்கரையில். கரைவலை இழுக்கும்போது எங்கள் பகுதியில் ஒரு வழக்கம் இருந்தது. கயிற்றில் கை வைத்தவனுக்கு மீனில் பங்கு உண்டு. சின்னவன், பெரியவன், வழியில் போனவன் என்று பார்ப்பதில்லை. ஆனால் கை வைத்தவன் அம்பாவும் படிக்க வேண்டும். அம்பா என்பது வலை இழுக்கிற பாட்டு. ஒருவர் ஒரு வரி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் அதைத் திருப்பிச் சொல்லி ஒரே மூச்சில் இழுப்பார்கள்.

அப்பாவுக்குப் பின்னால் நின்று நானும் தொடங்குவேன். கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்குள் விசில் கேட்கும். வாய் ஒரு பாட்டைப் படிக்க, நெஞ்சு வேறொன்றைப் படிக்கும். பிறகு கயிற்றை விட்டுவிட்டு மணலில் இருந்து, வாயைத் திறந்து காற்றைத் தேடுவேன். கடற்கரையில் எவ்வளவு காற்று! அவ்வளவும் மற்றவர்களுக்குத்தான். ஒருநாள் வலைக்குப் பொறுப்பான மண்டாடி, இழுவையை நிற்பாட்டாமலே அப்பாவைப் பார்த்துக் கத்தினார்: "டேய் முருகேசு, உன் மகனைக் கயித்துல விடாத. அவன் நெஞ்சுச் சத்தத்துல நம்ம அம்பா பிசகுது."

ஆமை

எங்கள் ஊரில் இதற்கு முட்டு என்று பேர். முட்டு என்றால் குளிர். குளிருக்கு மருந்து சூடு. அதற்கு மேல் ஒருவரும் யோசித்ததில்லை. முசுமுசுக்கை, ஆடாதோடை, கோயில் திருநீறு, பள்ளிவாசலில் ஓதிய தண்ணீர், தலவில தேவாலயத்து அன்னம்மாளுக்கு மெழுகுதிரி என்று ஒன்றும் பாக்கி இல்லை. வாழைப்பழம் கூடாது, தயிர் கூடாது, தலையில் தண்ணீர் படக்கூடாது. வெயிலில் நின்றாலும் என் காதில் துணி கட்டியிருக்கும்.

கடைசியில் ஆரோ ஒருவர், ஆமை இரத்தம் சூடு, பச்சையாகக் குடித்தால் முட்டு வேரோடு போகும் என்று அப்பாவுக்குச் சொல்லிவிட்டார். வலையில் ஒரு ஆமை பட்டது. அம்மா மூக்கைப் பிடித்தாள், அப்பா கோப்பையைச் சரித்தார். அந்தச் சுவையை எழுதி உங்கள் சாப்பாட்டைக் கெடுக்க விரும்பவில்லை. அடுத்த நாள் சுகமோ என்று கேட்டார்கள். இல்லை என்று சொன்னால் இன்னும் குடிக்க வைப்பார்கள் என்று பயந்து, "நல்லா இருக்கு, முட்டே இல்லை" என்றேன். அப்பாவின் முகம் மலர்ந்ததை இன்றைக்கும் மறக்க முடியாது. அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "பாத்தியா, மருந்து கேட்டுட்டுது. இன்னொரு ஆமை கிடைக்கட்டும், மிச்சத்தையும் போக்கிடுவம்."

நிழல் வேலை

கடலுக்கு உதவாதவனை என்ன செய்வது? வீட்டில் பெரிய யோசனை நடந்தது. கடல் காற்றுப் பட்டால் முட்டு வருகிறது. ஆகவே காற்றுப் படாத, சூடான இடம் வேண்டும். மாமா ஒருவர் அந்த இடத்தைக் கண்டுபிடித்தார். பேக்கரி! உள்ளே எப்போதும் போறணை எரியும். கதவு, யன்னல் எல்லாம் பூட்டியிருக்கும், காற்று வந்தால் மா பொங்காது. சளிக்காரனுக்கு இதைவிட வேறு சொர்க்கம் ஏது?

பெரிய மனிதர்கள் எல்லோரும் கூடி, அக்கறையோடு, போறணையில் எரிகிற தேங்காய்ப் பொச்சு மட்டைப் புகைக்கும் கோதுமை மாத் தூசிக்கும் நடுவில் என்னைக் கொண்டுபோய் விட்டார்கள். ஒருவரிலும் எனக்குக் கோபம் இல்லை. என்னில் அன்பு இல்லாத ஒருவர் என்றால் கடற்கரையில் கிடக்கட்டும் என்று விட்டிருப்பார். அது எனக்கு நல்லதாகவும் இருந்திருக்கும். பேக்கரி முதலாளி ஹாஜியார் இரக்கமான மனிதர். என் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, அப்பாவுக்குத் தைரியம் சொன்னார்: "பயப்படாம போங்க. நம்மட போறணைக்குள்ள ஒரு சளியும் நிக்காது, உருகி ஓடிரும்."

ஈஸ்ட் ரின்

உருகவில்லை. மாவை அரிதட்டு என்கிற சல்லடையில் அரிக்கிற வேலை எனக்கு. அரித்து முடிய என் இமை மயிரும் வெள்ளையாக இருக்கும், நெஞ்சில் ஆள் ஏறி இருப்பது போலவும் இருக்கும். நான் மட்டும் இல்லை, மரியான் பாஸும் அப்படித்தான். அவர் ஒரு சாக்கில், நான் ஒரு சாக்கில் இருந்து மூச்சு வாங்குவோம். அதை நாங்கள் மாச் சளி என்று சொல்லிக்கொண்டோம். பாண் போடுகிறவனுக்கு வருகிறதுதான், சீமெந்து குழைக்கிற மேசனுக்குக் கை வெடிக்கிற மாதிரி என்று நினைத்தோம்.

பாஸிடம் வாயில் வைத்து அடிக்கிற ஒரு நீல நிற மருந்துப் பம்ப் இருந்தது. ஒருக்கால் ஆசுபத்திரியில் கொடுத்தது. அதை ஈஸ்ட் வந்த பழைய தகர ரின்னுக்குள், துணியில் சுற்றி ஒளித்து வைத்திருந்தார். சாராயப் போத்தலை ஒளித்து வைக்கிறவரைக் கண்டிருக்கிறேன்; மருந்தை ஒளித்தவர் அவர்தான். முகம் கறுக்கும்வரை பொறுத்திருந்து, ஒருவரும் பார்க்காத நேரம் ஒருமுறை அடிப்பார். அடித்தவுடன் தோள் இறங்கும். எனக்கும் ஒருமுறை அடிக்கத் தருவீர்களோ என்று கேட்டேன். உடனே ரின்னை மூடிவிட்டார். அது கஞ்சத்தனம் இல்லை, என்னில் வைத்த பாசம்: "வேணாம் ராசா, இதைப் பழகினா விடேலாது. நீ இளந்தாரி. இது சாகப் போறவனுக்குக் குடுக்கிறது."

நேற்றுப் பாண்

வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் பேக்கரிக்குப் பின்னால் குடியிருந்தன. அங்கிருந்து பூமணி என்ற பெண் விற்காத நேற்றுப் பாணை ஆட்டுக்கென்று வாங்க வருவாள். அது ஆட்டுக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். நான் வருவதை அவள் முகத்தை நிமிர்த்தாமலே அறிவாள். என் நெஞ்சு எனக்கு முன்னால் வந்துவிடும்.

கலியாணப் பேச்சு வந்தபோது அவள் பக்கத்து ஆட்கள் தடுத்தார்கள். நோயாளி, தாலியை அறுக்க வைத்துவிடுவான், நீ கைம்பெண்ணாய் நிற்பாய் என்றார்கள். பூமணி போர்க் காலத்தில் பங்கர்க் குழிக்குள் ஒரு இரவு முழுக்க, தம்பிக்காரனின் மூச்சுக் கேட்கிறதா என்று காதை வைத்துக்கொண்டு இருந்தவள். அதை எனக்குச் சொன்னது கனகாலத்துக்குப் பிறகு. அன்றைக்கு அவர்களுக்குச் சொன்னது இவ்வளவுதான்: "மூச்சுச் சத்தம் கேட்டா ஆள் உயிரோட இருக்குது எண்டு தெரியும்தானே. எனக்கு அது காணும்."

ஒன்றுமில்லை

கொஞ்சக் காலம் என்னை முன்னால், கண்ணாடிப் பெட்டியடியில் நிற்க விட்டார்கள். பணிஸ் சுற்றிக் கொடுக்கும்போது இருமல் வந்துவிட்டது. வாயைத் தோளில் மறைத்துத்தான் இருமினேன். வாங்க வந்த ஒரு அம்மா கையை இழுத்துக்கொண்டாள். கசம், அதுதான் காசநோய், பிடித்தவன் தொட்ட பணிஸ் வேண்டாம் என்று கடை முழுக்கக் கேட்கச் சொன்னாள். ஹாஜியாருக்கும் வேறு வழி இல்லை. திரும்பவும் உள்ளே, மாவுக்குள்.

பூமணி என்னை இழுத்துக்கொண்டு நெஞ்சு வருத்தம் பார்க்கிற இடத்துக்குப் போனாள். சளி எடுத்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள். கசம் இல்லை, ஒன்றும் இல்லை, போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் போன அன்று என் நெஞ்சும் நல்ல பிள்ளையாக இருந்தது. டொக்டரைக் கண்டால் அடங்கிப்போகிற வருத்தம் இது, உங்களுக்குத் தெரியும். ஹாஜியார் சந்தோசத்தில் எல்லோருக்கும் பால் இல்லாத பிளேன்ரீ கொடுத்தார். வீட்டில் பூமணி மட்டும் சந்தோசப்படவில்லை. வந்து விசாரித்த ஆட்களைப் பார்த்துக் கேட்டாள்: "ஒண்டுமில்லாத மனுசனோ விடிய விடியக் குந்தியிருந்து மூச்சுக்கு அழுறார்?"

ஊதுகிற குழல்

மரியான் பாஸை அடக்கம் செய்து கொஞ்ச நாளில் மாரி தொடங்கியது. அந்த முதல் மழையோடு எனக்கும் அவருக்கு வந்தது மாதிரியே வந்தது. அதே சாக்கு, அதே இருப்பு. போறணையில் பாண் இருந்தது. இந்த முறை ஒருவரும் அதைப் பற்றிச் சொல்லவில்லை. பூமணி ஓடிவந்து, மாவோடு மாவாக என்னை ஆட்டோவில் போட்டு ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனாள். முகத்தில் மூடியை வைத்து மருந்துப் புகை பிடிக்கவிட்டார்கள். எனக்கு அடுத்த நாளும் விடிந்தது.

விடுதியில் ஒரு சிங்கள டொக்டர் அம்மா. இளம் பிள்ளை. கொஞ்சத் தமிழ் பேசுவா. கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, என்ன செய்கிறது என்று கேட்காமல், எப்போது செய்வதில்லை என்று கேட்டா. அப்படி ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. பூமணிதான் சொன்னாள்: நோன்புப் பெருநாளைக்கு பேக்கரி பூட்டினால் இவர் பாயில் நீட்டிப் படுத்து நித்திரை கொள்ளுவார். டொக்டர் அம்மா எழுதுவதை நிற்பாட்டிவிட்டு என்னைப் பார்த்தா. பிறகு முள் வைத்த ஒரு குழலைத் தந்து ஊதச் சொன்னா. முள் கொஞ்சம் எழும்பி நின்றது. பம்ப் அடித்து, கொஞ்ச நேரம் விட்டு, திரும்ப ஊதச் சொன்னா. முள் மேலே ஓடியது.

முள்ளை விடுங்கள். மூச்சு அடிவயிறு வரைக்கும் போய், தானாகத் திரும்பி வந்தது. மற்ற ஆட்கள் எல்லோரும் நாள் முழுக்க இப்படித்தான் இருக்கிறார்களா என்று யோசித்தேன். கயிறு இழுத்தவர்கள், அம்பா படித்தவர்கள் எல்லோரும் இப்படியா? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டொக்டர் அம்மா அதைப் பார்க்காதது போல, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னா: "ஐயா, இது சளி இல்ல. ஆஸ்துமா. சின்னப் பிள்ளையில இருந்து இருக்கு. யாரும் சொல்ல இல்லையா?"

தேத்தண்ணியும் கப்சூலும்

எனக்குத் தந்தது பம்ப் இல்லை, கப்சூல். காலையும் மாலையும் அதை ஒரு சின்னக் குழலில் போட்டு, திருகி உடைத்து, உள்ளே இருக்கிற தூளை வாயால் இழுக்க வேண்டும். சொன்னது காதில் விழுந்தது. நம்பத்தான் முடியவில்லை. மாத் தூள் நெஞ்சுக்குள் போய்த்தான் இவ்வளவுக்குக் கூடியது, இனித் தூசிப் பக்கம் போகாதே என்று சொன்ன அதே டொக்டர், மாவைப் போலவே வெள்ளைத் தூளைத் தந்து இழு என்பாவா? தமிழில் மாறிச் சொல்லியிருப்பா என்று நானும் பூமணியும் முடிவு கட்டினோம். ஒவ்வொரு நாளும் கப்சூலை வாயில் போட்டுத் தேத்தண்ணியோடு விழுங்கினேன். குழலைக் கழுவித் துடைத்து சாமித் தட்டில் வைத்தோம்.

முட்டு திரும்பி வந்தது. கிளினிக்கில் டொக்டர் அம்மா மருந்தைக் கூட்டுவதற்கு யோசித்துக்கொண்டிருக்க, சிலாபத்துத் தாதி ஒருத்தி, எங்கே, எப்படிப் போடுகிறீர்கள், காட்டுங்கள் என்றாள். நான் கப்சூலை நாக்கில் வைத்து, குடிக்கத் தண்ணீர் கேட்டேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, பக்கத்தில் இருந்து, என் கையைப் பிடித்து இழுக்கப் பழக்கினாள். இழுத்தபின் வாய் கொப்பளிக்கவும் சொல்லித் தந்தாள். வரிசையில் நின்ற எல்லோரும் கேட்கச் சொன்னது இதுதான்: "அண்ணே, நெஞ்சுக்குத் தந்ததை வயித்துக்குக் குடுத்தா, நெஞ்சு பாவம் என்ன செய்யும்?"

சத்தமில்லாத வீடு

ஒழுங்காக இழுக்கத் தொடங்கிச் சில கிழமைகளில் விசில் நின்றது. நான் நீட்டி நிமிர்ந்து படுத்தேன். பூமணிக்கு நித்திரை போனது. கண் அயர்ந்தால் திடுக்கிட்டு எழும்பி, என் மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பாள். நான் விழித்து என்னவென்று கேட்டால், ஒன்றுமில்லை, படுங்கோ என்பாள். அவளுக்கு என் சுகம் பழக ஒரு மாரி முழுக்கப் பிடித்தது.

பூமணியைக் கொண்டுபோனது சிறுநீரகம். இந்தப் பக்கத்தில் அதுவும் கனபேரைக் கொண்டுபோகிறது. படுக்கையில் கிடந்த காலத்தில், நான் பக்கத்துக் கதிரையில் சத்தமில்லாமல் இருந்தால் அவளுக்குப் பிடிக்காது. கண்ணை மூடியபடியே, சிரிப்பு ஒன்றை உதட்டில் வைத்துக்கொண்டு கேட்பாள்: "இருக்கிறீங்களோ? ஒருக்கா இருமுங்கோ பாப்பம்."

வெளிவேலை

மாவுக்குள் இனி நிற்கக்கூடாது என்று டொக்டர் அம்மா சொன்ன காலத்தில் ஹாஜியார் உயிரோடு இல்லை. பேக்கரியை அவருடைய மகன் பார்த்தார். வேலை போய்விடும் என்று நினைத்துக்கொண்டுதான் சொல்லப் போனேன். நான் சொன்னதை அவர் தாடியைச் சொறிந்துகொண்டு கேட்டார். பிறகு, புதிதாக வாங்கியிருந்த ஆட்டோவின் திறப்புச் சாவியை மேசையில் வைத்தார். பாட்டுப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போகிற பாண் ஆட்டோ. சூன் பாண் என்று எல்லோரும் சொல்வது. காற்றுப் படக்கூடாது என்று உள்ளே அடைக்கப்பட்டவன், அதற்குப் பிறகுதான் கடற்கரை வீதி முழுக்கக் காற்றுக் குடித்தேன். திறப்பைத் தரும்போது அவர் சொன்னார்: "வாப்பா உங்கள உள்ள போட்டு சளிய உருக்கப் பாத்தாரு. நான் வெளிய போட்டுப் பாக்குறன்."

பாட்டுப் பெட்டி

ஒருமுறை கண்டக்குழியில் ஆட்டோவின் பாட்டுப் பெட்டி பழுதாகிவிட்டது. பாட்டு இல்லாவிட்டால் ஒருவரும் வெளியில் வரமாட்டார்கள். ஹோர்ன் அடித்துப் பார்த்தேன், கூப்பிட்டுப் பார்த்தேன். முன்னொரு காலம் என்னோடு மா குழைத்துவிட்டு இப்போது படகுக்குப் போகிற அந்தோனி, வலைக் குவியலில் இருந்தபடி சொன்னான்: "பழைய நெஞ்சு இருந்திருந்தா இந்தப் பெட்டியே தேவைப்படாது மச்சான், சும்மா நிண்டாலே சனம் வந்திருக்கும்."

மாப்பிள்ளை வீட்டார்

நுரைச்சோலைப் பக்கம் ஒரு வீடு. அங்கே பாண் வாங்கும் தாயின் பின்னால் ஒரு இளம் பெண் நிற்பாள். அவள் கதவு நிலையைப் பிடித்திருந்த விதம் எனக்குத் தெரிந்த விதம். தோள் உயரும், கழுத்துக் குழி உள்ளே போகும். பிள்ளைக்கு முட்டோ என்று கேட்டேன். தாய் வீதியின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மெதுவாகப் பேசுங்கள் மாமா, மாப்பிள்ளை பார்க்கிறோம் என்றாள். கிளினிக்கில் தந்த பம்ப் இருக்கிறதாம். அரிசி வாளிக்குள் போட்டு வைத்திருக்கிறார்களாம். பெண் பார்க்க வருகிறவர்கள் கண்டால் என்ன நினைப்பார்கள்?

ஒளித்து வைத்த ரின் ஒன்றை எனக்குத் தெரியும், அதை ஒளித்தவரையும் தெரியும். ஆனால் பாண் விற்க வந்தவன் அடுத்தவர் வீட்டு வாசலில் செத்தவரைப் பற்றிக் கதைப்பது எப்படி? வாய் கொப்பளிக்கத் தண்ணீர் தருவீர்களோ, என் மருந்து நேரம் என்று மட்டும் கேட்டேன். ஆட்டோ படியில் இருந்து, வீதியில் போகிற எல்லோரும் பார்க்க, கப்சூலைத் திருகி இழுத்தேன். வாய் கொப்பளித்துத் துப்பினேன். பெண் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அடுத்த முறை போனபோது அவள்தான் முன்னால் வந்தாள். ஒரு கையில் பாண் பை, மறு கையில் நீல பம்ப். பக்கத்து வீட்டுச் சனங்கள் ஆட்டோவைச் சுற்றி நிற்க, குலுக்கி, வாயில் வைத்து அடித்தாள். தாய் முந்தானையால் மறைக்கப் பாய்ந்தாள். மகள் தாயின் கையை மெல்ல விலக்கி, மூச்சை உள்ளே பிடித்து வைத்திருந்துவிட்டு, விட்டபடி சொன்னாள்: "பாத்தாப் பாக்கட்டும் உம்மா. மூச்சு முட்டி மௌத்தானா எந்த மாப்புள வந்து கட்டுவான்?"

சின்ன வயதில் என்னைப் பார்த்து "இவன் கனகாலம் இரான்" என்று சொன்ன ஆட்களில் ஒருவரும் இன்று இல்லை. நான் இருக்கிறேன், அடுத்த கிளினிக் செவ்வாய்க்கிழமை.